லேவியராகமத்தில் நின்றுபோகும் வேத வாசிப்பு: என் அனுபவம்

ஜனவரியில் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கும் வாசிப்பு பெரும்பாலும் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடும். காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. மொத்தம் 1,189 அதிகாரங்கள். வருஷத்துக்குள் முடிக்க தினமும் மூன்று நான்கு வாசிக்கணும். இரண்டு நாள் விட்டால் பாக்கி ஆறேழு. மனசு விட்டுப்போகும்.

எனக்குச் சரிப்பட்டது பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு. 260 அதிகாரம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, 52 வாரம். விட்டதைச் சனிக்கிழமை பிடித்துவிடலாம். பழைய ஏற்பாட்டில், நீளமான 119ஆம் சங்கீதத்தை மட்டும் எட்டெட்டு வசனமாக 22 நாள் வாசியுங்கள். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து வாய்விட்டு வாசிப்பது நல்லது. கண் மட்டும் ஓடினால் மனம் அடுப்படிக்குப் போய்விடும்.

லேவியராகமத்தை ஒதுக்க வேண்டாம், 19ஆம் அதிகாரத்தில் நுழையுங்கள். கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது 13ஆம் வசனம். காரைக்குடியில் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆள் வந்தால், கை கழுவிக் கிளம்புமுன் அவர் கூலி அவர் கையில் இருக்கணும். எனக்கு விசுவாச வாழ்க்கை இதில்தான் பிடிபட்டது.

வாசித்ததும் நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். “அன்பாயிருக்கணும்” என்று எழுதினால் ராத்திரி சரிபார்க்க முடியாது. யாருக்கு, என்ன, எத்தனை மணிக்குள் என்று எழுதுங்கள்.