பழைய இங்கிலீஷ் பீங்கான் வாங்குறவங்க, முத்திரைய கடைசியா பாருங்க

பழைய இங்கிலீஷ் பீங்கான் சேர்க்க ஆரம்பிக்குறவங்க எல்லாருமே பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. கப்ப கையில எடுத்ததுமே கவுத்துட்டு அடியில என்ன முத்திரைன்னு பாக்குறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பாத்துட்டு இருந்தேன், ஆனா 18-ம் நூற்றாண்டுலயே முத்திரைல பொய் வந்தாச்சு. 1751-ல ஆரம்பிச்ச வூஸ்டர் ஃபேக்டரியே சில பீஸ்ல ஜெர்மனி மைசன்காரங்களோட குறுக்கு வாள் முத்திரைய போட்டிருக்காங்க.

லண்டன் செல்சி ஃபேக்டரி பீங்கான்ல இது இன்னும் மோசம். அவங்க முத்திரை நங்கூரம், 1752-லேந்து 56 வரைக்கும் சிவப்பு, 1758-லேந்து 69 வரைக்கும் தங்கக் கலர். நிஜமான நங்கூரம் ஒரு அரிசி மணி அளவுதான் இருக்கும், அதுவும் எங்கயாவது ஓரமா, தேடித்தான் கண்டுபிடிக்கணும். பெருசா பளிச்சுன்னு தங்க நங்கூரம் தெரிஞ்சா சந்தேகப்படுங்க, 19-ம் நூற்றாண்டுல பாரிஸ் சாம்சன் கம்பெனி மாதிரி ஆளுங்க இத நிறைய காப்பி அடிச்சிருக்காங்க.

அடியில இருக்குற வருஷத்தையும் நம்பிடாதீங்க. வூஸ்டர் பீஸ்ல 1751-ன்னு போட்டிருந்தா அது கம்பெனி பிறந்த வருஷம், கப் பிறந்த வருஷம் இல்ல. ‘இங்கிலாந்து’ன்னு எழுதியிருந்தா பெரும்பாலும் 1891-க்கு அப்புறம் செஞ்சது, ஏன்னா அமெரிக்காவுக்கு அனுப்புற சாமான்ல நாட்டுப் பேரு இருக்கணும்னு அங்க சட்டம் வந்தது அப்போதான். ‘மேட் இன் இங்கிலாந்து’ன்னா அநேகமா 20-ம் நூற்றாண்டு. ராயல் கிரவுன் டெர்பிங்கிற இங்கிலீஷ் கம்பெனிக்கு அந்தப் பேரே 1890-லதான் வந்தது, அந்தப் பேரு போட்ட பீஸ 1780-ன்னு சொல்லி யாராவது வித்தா கீழ வெச்சிட்டு வந்துருங்க.

அப்போ எதத்தான் பாக்குறது? மண்ணப் பாருங்க. அந்தக் கால இங்கிலீஷ் ஃபேக்டரி பெரும்பாலானதுல சீனா மாதிரி கெட்டிப் பீங்கான் பண்ணல, சாஃப்ட் பேஸ்ட்ங்கிற மென்மையான பீங்கான்தான் பண்ணாங்க, ‘போ’ (Bow) ங்கிற ஃபேக்டரில எலும்புச் சாம்பல் கலந்தாங்க, வூஸ்டர்ல மாக்கல் கலந்தாங்க. கெட்டிப் பீங்கானுக்கு வில்லியம் குக்வொர்தி பேட்டன்ட் வாங்குனதே 1768-லதான். சில்லு போன இடம் இருந்தா லென்ஸ் வெச்சுப் பாருங்க, சாஃப்ட் பேஸ்ட்னா உடைஞ்ச இடம் சர்க்கரை மாதிரி பொறபொறன்னு இருக்கும், கெட்டிப் பீங்கான்னா கண்ணாடி உடைஞ்ச மாதிரி வழுவழுன்னு இருக்கும். அப்புறம் ஃபோன் டார்ச்ச பின்னாடி புடிச்சா பழைய வூஸ்டர்ல பல பீஸ் லேசா பச்சையா தெரியும், செல்சி பீஸ் சிலதுல உள்ள குட்டிக் குட்டியா நிலா மாதிரி வெளிச்சப் புள்ளி தெரியும். முதல் தடவ அந்த நிலாவப் பாத்தப்போ எனக்கு கையே நடுங்கிடுச்சு.

அடுத்த தப்பு, ரிப்பேர கவனிக்காம விடுறது. நான் ஒரு சந்தைல நீலப் பூ போட்ட டீ பாட் ஒண்ண ஆசையா வாங்கிட்டு வந்தேன், வீட்ல லைட்ட அணைச்சிட்டு யூவி டார்ச் அடிச்சா மூக்கு மட்டும் தனிக் கலர்ல பளபளக்குது, அதாவது மூக்கு மொத்தமும் ரெசின்ல புதுசா ஒட்டுனது. அன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்கல. மண்பானை வாங்குறப்போ நம்ம அம்மாங்க சுண்டிப் பாக்க மாட்டாங்களா, அதே மாதிரி விளிம்ப நகத்தால மெதுவா சுண்டுங்க. நல்ல பீஸ் ணங்குன்னு கேக்கும், விரிசல் இருந்தா பெரும்பாலும் டொக்குன்னு செத்த சத்தம் வரும். கன்னத்துல வெச்சும் பாக்கலாம், பீங்கான் சில்லுன்னு இருக்கும், பெயிண்ட் அடிச்ச இடம் அவ்ளோ சில்லுன்னு இருக்காது.

வாங்குனதுக்கு அப்புறம் கெடுக்குறதும் நடக்குது. டீக் கறை போகணும்னு பிளீச்ல ஊறப் போடாதீங்க, அது கிளேஸ்ல, அதாவது மேல இருக்குற கண்ணாடி மாதிரி பூச்சுல, இருக்குற மயிரிழை விரிசல் வழியா உள்ள இறங்கி உப்பா உறைஞ்சு கிளேஸையே செதில் செதிலா தள்ளிடும். டிஷ்வாஷர் பக்கமே கொண்டு போகாதீங்க, தங்க முலாம் மங்கிடும். தட்ட அடுக்குனா நடுவுல ஒரு துணியோ பேப்பரோ வைங்க, ஷெல்ஃப்லேந்து எடுக்குறப்போ கைப்பிடிய புடிச்சுத் தூக்காம ரெண்டு கையாலயும் பாத்திரத்தோட உடம்பத் தாங்கி எடுங்க, கைப்பிடி எப்பவோ ஒட்டுனதா இருந்தா அது கையோட வந்துரும்.