டார்ஷன் பார் மாற்றி முன்பக்க உயரத்தைச் சரிசெய்தேன்

என் பழைய எஸ்யூவி முன்னால் இடதுபக்கம் சாய்ந்தே நின்றது. அதில் முன்பக்கம் ஸ்பிரிங் வேலையைச் செய்வது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் எஃகுத் தண்டு, பக்கத்துக்கு ஒன்று. டயர் காற்று சரி, பின் ஸ்பிரிங்கும் சரி. பாரின் முறுக்கைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டிங் போல்ட்டை முழுக்க முறுக்கியும் உயரம் ஏறாததால், டார்ஷன் பார் இரண்டையும் ஜோடியாக மாற்றினேன்.

சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து முன் சக்கரங்களைத் தொங்கவிட்டேன். அப்போதும் பாரின் முனையைப் பிடித்திருக்கும் ஆங்கர் ஆர்மில் விசை மிச்சமிருக்கும். போல்ட்டை நிதானமாகத் தளர்த்த வேண்டும், தலையை அதற்கு நேரே நீட்டவே கூடாது. துருவேறிய மரைக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டிருந்தேன். கழற்றுமுன் பார் முனையிலுள்ள ஸ்ப்ளைன் பல் (நீளவாக்கில் வெட்டிய வரிப்பல்) உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் குறி வைத்தேன், போல்ட் வெளியே நிற்கும் நீளத்தையும் அளந்துகொண்டேன்.

புதிய பாரில் இடது, வலது குறி இருக்கும். அந்தந்தப் பக்கத்துக்கேற்ற திசையில் முன்கூட்டியே முறுக்கி வருபவை, மாற்றிப் போடக் கூடாது. மேலே கீறல் விழவும் விடாதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தேன். ஒவ்வொரு முறுக்குக்குப் பின்னும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத்தான் அளவு. ஜாக்கிலிருந்து இறக்கிய கையோடு எடுக்கும் அளவு பொய் சொல்லும்.

“இன்னும் தூக்கு, கெத்தா இருக்கும்” என்பார்கள். போல்ட்டை முறுக்குவதால் பார் வலுவாகாது. நிற்கும் உயரம்தான் மாறும். சக்கரம் கீழிறங்கும் இடம் குறைந்து வண்டி தூக்கிப்போடும், சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட்டும் கோணலாகித் தேயும். மேனுவல் சொன்ன உயரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

உயரம் மாறினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் மாறும். வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஹெட்லைட்டையும் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருந்தது.