பள்ளிக்கும் பிள்ளைகளுக்கும் அரசுப் பணம் கேட்பது எப்படி? மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு

"எங்க ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது ஃபண்ட் இருக்கா?" என்று கேட்பவர்களுக்கு முதல் பதில்: அப்படி ஒரே ஃபண்ட் என்று எதுவும் இல்லை. சில்லறை சில்லறையாகப் பல துறைகளில் கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு, தகுதி வேறு, விண்ணப்பிக்கும் மாதம் வேறு. கஷ்டப்பட்ட ஊர்களிலிருந்து போகும் மனுக்களில் பாதிக்கு மேல் யாரும் மறுப்பதுகூட இல்லை, தவறான மேசையில் போய்ப் படுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அதனால் பேனாவை எடுக்கும் முன், பள்ளிக் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்தான் போய் நிற்கும், ஆசிரியர் சம்பந்தப்பட்டது மட்டும் கல்வித் துறை. மதுரை நகரத்துக்குள் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி. உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நிறைய உண்டு, அவை பள்ளிக் கல்வித் துறையில் இல்லை, அவற்றுக்கென்று மதுரையில் தனியாக இணை இயக்குநர் இருக்கிறார். ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் துறை வேறு. இது தெரியாமல் எல்லாவற்றையும் முதன்மைக் கல்வி அலுவலருக்கே எழுதிப் போட்டால், "உரிய அலுவலரை அணுகவும்" என்று இரண்டு மாதம் கழித்து ஒரு தாள் வரும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு பெற்றோர்தான். பல ஊர்களில் இந்தத் தலைவருக்குக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் வேலை என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் காகிதத்தில் அவருக்குள்ள பலம் அதிகம். தனி ஆள் கொடுக்கும் மனுவுக்கும் குழுத் தீர்மானத்தோடு போகும் மனுவுக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "எங்கள் பள்ளியை மேம்படுத்தித் தர வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதுங்கள்: "மூன்றாம், நான்காம் வகுப்புகள் நடக்கும் கட்டடத்தில் மேற்கூரை இரண்டு இடங்களில் பெயர்ந்து கம்பி தெரிகிறது, அங்கே 41 பிள்ளைகள் படிக்கிறார்கள், மழை பெய்தால் வராந்தாவில் உட்கார வைக்கிறோம், கூரையைப் பழுது பார்த்துத் தர வேண்டும்." ஒரு தீர்மானத்துக்கு ஒரு வேலை. போட்டோ எடுத்து வையுங்கள், தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் (மொபைல் ஆப்) ஏற்றச் சொல்லுங்கள், அதோடு கிராம சபையில் இதையே ஒரு தீர்மானமாகப் போட்டுவிட்டால் ஒன்றிய அலுவலகத்தில் தட்டிக்கழிப்பது கஷ்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாள்கள்தான்.

சின்னச் செலவுக்கு மனுவே வேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், பள்ளி மானியம் என்று வருகிறது. அந்த விதிகளில் 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்குச் செலவு செய்ய வேண்டும். கணக்கைக் கவனியுங்கள்: 98 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் 101 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் தொகை இரட்டிப்பு வித்தியாசம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்து எமிஸில், அதாவது கல்வித் துறையின் மாணவர் கணினிப் பதிவில், சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (பொய்ப் பெயர் ஏற்றச் சொல்லவில்லை, மாட்டினால் தலைமை ஆசிரியர் கதி அதோகதி.) மானியம் ஏன் வரவில்லை என்று தலைமை ஆசிரியரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒன்று: பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத விவகாரத்தில், 2024-25க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைக்க, மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. தலைமை ஆசிரியர் கையில் எல்லாம் இல்லை.

பெரிய வேலைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது நமக்கு நாமே திட்டத்தை. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் தந்தால் மீதியை அரசு போடும். மூன்று லட்ச ரூபாய் சுற்றுச்சுவருக்கு ஒரு லட்சம் நாம் திரட்ட வேண்டும். ஏழை ஊரில் ஒரு லட்சத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான், ஆனால் அந்தப் பங்கை ஊர்க்காரர்தான் தர வேண்டும் என்றில்லை, திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பழைய மாணவர்கள் தரலாம், ஒரு நிறுவனமும் தரலாம்.

அதுவும் முடியாது என்றால் தொகுதி மேம்பாட்டு நிதி. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. எம்.பி. நிதியில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்கு என்று விதியே இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இன்னொன்று, மதுரை மாவட்டம் என்பதால் மதுரை எம்.பி.யிடம் போய் நிற்காதீர்கள். உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி நாடாளுமன்றத் தொகுதி, திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர்.

சரி, கட்டடம் போகட்டும். உண்மையில் பிள்ளை படிப்பை விடுவது சுவர் இல்லாமல் இல்லை, வீட்டில் காசு இல்லாமல். அதற்குத் தனியாக வழிகள் உண்டு, இவைதான் பலருக்கும் தெரிவதில்லை.

அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத் தொகை உண்டு, தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். குவாரியிலும் சாரத்திலும் ஆள் போன வீடுகளில் துக்கம் ஆறிய பிறகாவது யாராவது இதை எடுத்துச் சொல்லுங்கள், முதல் தகவல் அறிக்கை நகலைப் பத்திரப்படுத்தவும் சொல்லுங்கள். கணவனை இழந்தோ பிரிந்தோ தனியாக வளர்க்கும் தாய் என்றால், மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது, ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும், கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மட்டும் 6,695 இடங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது எட்டாக்கனி என்று ஆசிரியர்களே சில இடங்களில் நினைக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காத பேச்சு. அப்புறம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பெற்றோர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் கல்வி உதவி உண்டு, பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

இவற்றில் முக்கால்வாசிக்குத் தேவைப்படுவது ஒரே தாள்கள்: வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. சான்றுகளை ஜூனில் எல்லோரும் இ-சேவை மையத்தில் முண்டியடிக்கும்போது எடுக்காமல் ஏப்ரல், மே மாதமே எடுத்துவிடுங்கள், ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். ஆதாரில் உள்ள பெயர், பள்ளிப் பதிவில் உள்ள பெயர், வங்கியில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்கே பணம் நின்றுபோகும். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், சும்மா ஜெராக்ஸ் கொடுத்ததும் இணைப்பதும் ஒன்றல்ல. தபால்காரரிடம் சொன்னால் அஞ்சலக வங்கியில் இருப்புத்தொகை இல்லாமலே கணக்கு தொடங்கித் தருவார்.

மனு கொடுத்தால் எண் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் சொன்னாலும் எண் தருவார்கள். நியாயமான காலம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டி, "இந்த எண்ணுள்ள மனு இப்போது யாரிடம் இருக்கிறது" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். குறை சொல்லும் தொனி வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.

தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது பாதிக் கதை அவரோடு போய்விடும். தீர்மானம், மதிப்பீடு, ரசீது, போட்டோ எல்லாவற்றிலும் ஒரு செட் ஜெராக்ஸ் குழுத் தலைவர் வீட்டில் இருக்கட்டும். புதியவர் பொறுப்பேற்ற வாரமே அதைக் கொண்டுபோய்க் காட்டி, எந்த மனு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுங்கள்.