கான்விக்ட் சிக்லிட்: முட்டை முதல் ஒரு அங்குலக் குஞ்சு வரை

சிக்லிட் என்ற தொட்டி மீனை முட்டையிட வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அதை மீன் பார்த்துக்கொள்ளும். குஞ்சு நீந்தத் தொடங்கும் நாளில் அதன் வாய்க்குள் போகிற அளவில் என்ன தீனி வைத்திருக்கிறீர்கள்? வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதல் முயற்சிக்குக் கான்விக்ட் சிக்லிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அமெரிக்காவின் ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழும் மீன் இது. சாம்பல் உடலில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதால் ‘கைதி’ என்று பெயர். தண்ணீர் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெற்றோர் இருவருமே குஞ்சுகளைக் காக்கும். ஆப்பிரிக்க ஏரிகளில் வாழும், வாயில் முட்டையை அடைகாக்கும் இனங்கள் அழகானவைதான். ஆனால் அவற்றுக்கு முறை வேறு. இங்கே அதற்குள் போகவில்லை.

படி 1: தொட்டி

ஒரு ஜோடிக்கு 75 முதல் 80 லிட்டர் போதும். வேறு மீன் எதுவும் வேண்டாம். முட்டையிட்ட பிறகு இந்த மீன் தன்னைவிடப் பெரியதையும் விரட்டும். ஓட இடமில்லாத மீன் செத்துப்போகும். தண்ணீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். அடியில் மெல்லிய மணலோ பொடிக் கற்களோ போடுங்கள். ஒரு சின்ன மண்பானையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் அதுவே பிரசவ அறை.

வடிகட்டி ஸ்பாஞ்ச் வகையாக இருக்கட்டும். உறிஞ்சும் குழாய் உள்ள வடிகட்டியானால், பஞ்சு சுற்றாத வாய்க்குள் ஒரே இரவில் பாதிக் குஞ்சுகள் போய்விடும். புதுத் தொட்டியில் உடனே மீனை விடாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா என்ற நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

படி 2: ஜோடி

ஆணையும் பெண்ணையும் நீங்களே பொறுக்கிச் சேர்த்தால் சண்டைக்கு வாய்ப்பு அதிகம். ஆறு இளம் மீன்களை ஒன்றாக வளருங்கள். இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும். அதுதான் ஜோடி; மீதியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பெண்ணை அடையாளம் காண்பது எளிது: உருவில் சிறியது, வயிற்றுப் பக்கத்தில் ஆரஞ்சு நிறச் செதில்கள் மின்னும். ஆணுக்கு அந்த நிறம் இராது. துடுப்புகள் நீண்டு கூராக இருக்கும்.

படி 3: முட்டை

பானைக்குள் ஒரே இடத்தை இரண்டும் மாறி மாறி வாயால் தேய்க்கின்றனவா? ஓரிரு நாளில் முட்டை வரும். நூறு, இருநூறு என்று உட்சுவரில் ஒட்டியிருக்கும். தாய் பக்கத்துத் துடுப்பை விடாமல் அசைத்து முட்டை மேல் தண்ணீரை வீசிக்கொண்டே இருக்கும். இடையில் நிறுத்தி, வெள்ளையாகிப் போன ஒரு முட்டையை மட்டும் கவ்வி எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி விசிறும். பிள்ளையைத் தின்கிறதே என்று பதறாதீர்கள். அது கருவுறாத முட்டை. விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்து அடுத்ததற்கும் பரவும்.

இது தெரியாமல்தான் என் முதல் ஈட்டை, அதாவது ஒரு முறை இட்ட முட்டைகள் அத்தனையையும், நான் கெடுத்தேன். முட்டையைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பானையோடு தூக்கித் தனித் தொட்டியில் வைத்தேன். மூன்றாம் நாள் அத்தனையும் வெண்பஞ்சாக நின்றது. தாயின் துடுப்பு செய்யும் வேலைக்கு என் காற்றுக் குமிழி ஈடாகவில்லை. பானையை அங்கேயே விட்டு, நீங்கள் சற்று விலகியிருங்கள். இளம் ஜோடி முதல் ஈட்டைத் தின்றுவிடுவதும் உண்டு. சில வாரத்தில் மறுபடி இடும். அடுத்தடுத்த முறைகளில் பெரும்பாலும் தேறிவிடும்.

படி 4: ஆர்ட்டீமியா

ஏறக்குறைய மூன்று நாளில் முட்டை பொரியும். குஞ்சு உடனே நீந்தாது. மணலில் தாய் தந்தை தோண்டிய குழியில், வயிற்றில் மஞ்சள் கரு நிறைந்த பையோடு வால் துடிக்கக் கிடக்கும். இன்னும் நான்கைந்து நாள் அந்தக் கருவே அதற்கு உணவு. இப்போது தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். இந்த இடைவெளியில் நீங்கள் ஆர்ட்டீமியா பொரிக்கப் பழகுங்கள். உப்பு நீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரி அது; குஞ்சுக்கு முதல் தீனி:

ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேராத உப்பைக் கரையுங்கள். அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டு நன்றாகக் கொதிக்கிற மாதிரி குமிழி விடுங்கள். வெளிச்சம் வேண்டும், வெப்பம் 26 முதல் 28 டிகிரி. ஒரு நாளில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கூடுகள் மேலே மிதக்கும், உயிருள்ளவை கீழே வெளிச்சத்தை நோக்கிக் கூடும். மெல்லிய குழாயால் அவற்றை மட்டும் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது முக்கியம். அதன் பிறகு சத்துக் குறைந்துகொண்டே போகும்.

குஞ்சுகள் குழியை விட்டு மேகம் போல எழுகிற அன்று முதல் வேளை. தின்றதா என்பதைக் கேட்கவே வேண்டாம்: கண்ணாடி போன்ற உடலுக்குள் வயிறு ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இல்லாத குஞ்சு பட்டினி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நன்றாகப் பொடித்த மீன் தீனியையும் சேர்க்கலாம். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைச் சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, அரை நாளில் தண்ணீர் நாறும்.

படி 5: பெற்றோரோடு சில வாரம்

குளத்தில் விரால் தன் குஞ்சுகளை மேய்த்துப் போவதைப் பார்த்திருந்தால் இந்தக் காட்சி புதிதாக இராது. கான்விக்ட் ஒருபடி மேல்: தாய் மணலில் துடுப்பை அடித்துத் தூசியைக் கிளப்பும், குஞ்சுகள் அதில் பொறுக்கும். அந்தி நேரத்தில் வழிதவறியதை வாயில் அள்ளி வந்து குழியில் துப்பும். விளக்கைச் சட்டென்று அணைத்தால் இந்த வேலை பாதியில் நிற்கும். அறை விளக்கைச் சிறிது நேரம் எரியவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். காற்றுக் குழாயால் வெள்ளை வாளிக்குள் இழுத்தால், தவறி வந்த குஞ்சு பளிச்சென்று தெரியும். புதுத் தண்ணீர் குளோரின் நீங்கியதாகவும் அதே வெப்பத்திலும் இருக்க வேண்டும்.

படி 6: பிரித்தல்

நான்கு முதல் ஆறு வாரத்தில் பெற்றோர் அடுத்த ஈட்டுக்குத் தயாராகும். பழைய குஞ்சுகள் அப்போது தொந்தரவாகிவிடும். வேறு தொட்டிக்கு மாற்றி, உருவ வாரியாகப் பிரியுங்கள். பெரியது சிறியதைத் தின்னும்.

நூறு குஞ்சை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால், மீன் வளர்ப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். இதே குடும்பத்துத் திலாப்பியா, போன நாடுகளில் உள்ளூர் மீன்களை நெருக்கித் தள்ளியிருக்கிறது. கான்விக்ட்டும் ஆஸ்திரேலிய நீர்நிலையில் வேரூன்றியிருக்கிறது.

இனப்பெருக்கத்தை நிறுத்த ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதே ஒரே வழி. பானையை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்து நானும் எடுத்தேன். மறு வாரம் வடிகட்டியின் அடிக்கட்டையில் முட்டை ஒட்டியிருந்தது.