தென்பெண்ணையும் காவிரியும் கடல் சேரும் இடங்களில் நடக்க: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்து வழிகாட்டி

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடற்கரை இல்லை. ஆனால் இவ்விரு மாவட்டங்களின் ஆறுகள் கடலுக்குத்தான் போகின்றன. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கிச் செல்லும் தென்பெண்ணை, சாத்தனூரையும் திருக்கோவிலூரையும் கடந்து, கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில் வங்கக் கடலில் கலக்கிறது. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே விழும் காவிரி, மேட்டூரையும் கல்லணையையும் தாண்டிப் பூம்புகாரில் முடிகிறது. சொந்த வண்டி இல்லாமல் கடலோரம் நடந்து வர விரும்பும் நம் பகுதியினர், எந்தக் கரைக்குப் போவது என்று யோசிக்கும்போது இந்த இரண்டு முகத்துவாரங்களையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் பொதுப் போக்குவரத்து உண்டு. இரண்டிலும் கூட்டம் குறைவு. சிறு வயது முதல் பார்த்துவரும் ஆறு எங்கே, எந்த நிலையில் முடிகிறது என்பதை நடந்தே காணவும் முடியும்.

முதலில் போகும் வழியைப் பார்ப்போம். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலை ஏறத்தாழ 210 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெங்களூரு, ஓசூர்ப் பக்கமிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்துகள் இவ்வழியே வருகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் கிருஷ்ணகிரியில் ஏறினால், விடியும் முன்னரோ விடியும் நேரத்திலோ புதுச்சேரியில் இறங்கலாம்; அங்கிருந்து கடலூருக்கு அடிக்கடி பேருந்து உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். தருமபுரியிலிருந்து வருவோர் அரூர் வழியாகத் திருவண்ணாமலை சென்று, அங்கே திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாகக் கடலூர் செல்லும் பேருந்துக்கு மாறிக்கொள்ளலாம். பௌர்ணமி நாளையும் அதற்கு முன்பின் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தால் திருவண்ணாமலை வழியே செல்லும் எந்தப் பேருந்திலும் அன்று இடம் கிடைப்பது அரிது. இரவு முழுவதும் நின்றுகொண்டு வந்தவருக்குக் காலையில் மணலில் நடக்கக் கால் வராது.

தருமபுரிக்காரர்களுக்கு மற்றொரு நல்ல வழியும் இருக்கிறது. பெங்களூரு – காரைக்கால் ரயில் ஓசூர், தருமபுரி, சேலம், விருத்தாசலம், நெய்வேலி வழியாகக் கடலூர் துறைமுகம் சந்திப்பை அடைந்து, அங்கிருந்து சிதம்பரம், மயிலாடுதுறை என்று தொடர்கிறது. பகலில் ஓடும் ரயில் என்பதால் அன்றிரவு கடலூரிலோ மயிலாடுதுறையிலோ தங்கி, மறுநாள் விடியற்காலையில் நடையைத் தொடங்குவதே முறை. துறைமுகச் சந்திப்பு இருப்பது கடலூர் முதுநகரில். பேருந்து நிலையம் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். இரண்டுக்கும் இடையே நகரப் பேருந்து செல்கிறது. தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், கடலூரிலும் மயிலாடுதுறையிலும் உள்ளூர்ப் பயணச் செலவு பெரிதாக இராது.

எப்போது போவது என்பது எப்படிப் போவது என்பதைவிட முக்கியமானது. ஜனவரி முதல் மார்ச் வரை நடைக்கு ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று செய்தியில் பார்க்காமல் கிளம்பவே கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரை மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் கடலோர வெயிலைக் குறைத்து மதிப்பிடுவதுண்டு. நம் ஊரில் வேர்வை உடனே காய்ந்து உடல் குளிரும், கடலோரத்தின் ஈரக்காற்றில் அது காயாமல் உடலிலேயே நிற்கும், களைப்பும் விரைவாக வரும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும். கழிப்பறைத் தேவையைப் பேருந்து நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது, குறிப்பாகப் பெண்களுக்கு. குப்பங்களின் கரைகளில் அதற்கு வசதி கிடைப்பதில்லை.

நடக்கும் முறையில் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கரை பெரும்பாலும் நேர்கோடாக வடக்கு தெற்காகச் செல்கிறது. பேருந்து ஓடும் சாலையும் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அதற்கு இணையாகவே செல்கிறது. மீனவர் குப்பங்களிலிருந்து அந்தச் சாலைக்குக் கிளைச் சாலைகள் வருகின்றன. ஆகவே போன வழியே திரும்ப வேண்டியதில்லை. ஒரு குப்பத்தில் இறங்கி, அடுத்த குப்பத்தில் ஏறலாம். ஆனால் நடுவே முகத்துவாரமோ உப்பங்கழியோ குறுக்கிட்டால் கணக்கு மாறிவிடும். ஆழம் முழங்கால் அளவே தெரிந்தாலும் முகத்துவாரத்தை ஒருபோதும் நடந்து கடக்காதீர்கள். அடியில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அலை வாங்கும்போது இழுப்பு பலமாக இருக்கும். கடலில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம். அணையிலும் ஏரியிலும் நீச்சல் பழகியது இந்த இழுப்புக்கு உதவாது. கோடையில் காற்று தெற்கிலிருந்து வீசுவதால், தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி நடந்தால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

நடைகளுள் நான் முதலில் பரிந்துரைப்பது தேவனாம்பட்டினம் – தாழங்குடா நடை. கடலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ சில்வர் பீச் எனப்படும் தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு வந்துவிடலாம். மணலில் இறங்கும் முன், ஊருக்குள் எஞ்சியிருக்கும் புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளைப் பார்ப்பது நல்லது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கிய கோட்டை இது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்துத் தகர்த்தது. பின்னர் கடலை வலப்பக்கம் வைத்து வடக்கே நடக்கத் தொடங்குங்கள். தாழங்குடா வரை மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். மணலில் நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் நடப்பது எளிது. அதிகாலையில் படகுகள் கரையேறும் நேரமாக இருந்தால், வலைகளை மிதிக்காமலும் கயிறுகளைத் தாண்டாமலும் சுற்றிப் போங்கள். படமெடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தக் குப்பங்களில் பல உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது. அந்த நாளைப் பற்றி வலிய விசாரிக்காமல் இருப்பதே மரியாதை.

தாழங்குடாவைத் தாண்டியதும் தென்பெண்ணை வந்துவிடும். கோடையில் பெரும்பாலும் மணல்திட்டு வாயை அடைத்திருக்க, ஆறு பின்னால் குளம்போல் நிற்பதைக் காணலாம். மழைக்குப்பின் போனால் அதே வாய் அகன்று கிடக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நம் பகுதியினர் அனைவருக்கும் நினைவிருக்கும். அந்த மழைநீரும் சேர்ந்துதான் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களை மூழ்கடித்தபின் இந்த வாய் வழியே கடலுக்குப் போனது. மேலே பெய்த மழை கீழே என்ன செய்தது என்பதை இங்கு நின்று பார்ப்பது, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் ஒருமுறையாவது செய்ய வேண்டிய காரியம். திரும்புகையில் குண்டு உப்பலவாடி வழியாகக் கடலூர் – புதுச்சேரிச் சாலைக்கு வந்துவிட்டால், இரு திசைகளிலும் பேருந்து கிடைக்கும்.

அதே நாளில் இன்னொரு நடைக்குத் தெம்பிருந்தால், புதுச்சேரி செல்லும் வழியில் அரியாங்குப்பத்தில் இறங்கி வீராம்பட்டினம் போகலாம். புதுச்சேரியிலிருந்தும் அங்கு உள்ளூர்ப் பேருந்து வருகிறது. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. அவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் கரை இது. வீராம்பட்டினத்திலிருந்து தெற்கே சின்ன வீராம்பட்டினம் வரை நடந்தால் அகன்ற, தூய மணல் கிடைக்கும். தூய்மையான கடற்கரைகளுக்கு வழங்கப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற ஈடன் கடற்கரை அங்குதான் உள்ளது. இங்கே மணல் இவ்வளவு இருக்க, புதுச்சேரி நகரக் கடற்கரையில் கருங்கற்கள் மட்டும் ஏன் குவிந்து கிடக்கின்றன என்று கேட்கத் தோன்றும். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே அரித்துப்போனது. ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்த அரிக்கமேடும் பக்கத்தில்தான் உள்ளது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம் அது. பார்ப்பதற்கு இன்று அதிகம் இல்லை என்றாலும், ஆற்றங்கரையின் தென்னை நிழலில் சற்று உட்காரலாம்.

காவிரியின் முடிவைக் காண விரும்பும் தருமபுரிக்காரர்கள் மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்க வேண்டும். அங்கிருந்தும் சீர்காழியிலிருந்தும் பூம்புகாருக்குப் பேருந்து உண்டு. சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு அருகில் இறங்கி, கரையோரம் சற்று நடந்தால் முகத்துவாரம் வந்துவிடும். ஒகேனக்கல்லின் இரைச்சலை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும், ஏனெனில் வெள்ள நீரைக் கொள்ளிடமும் பாசன நீரைக் கால்வாய்களும் எடுத்துக்கொண்டபின், மேலையூர் கடையணையைத் தாண்டி இங்கு வருவது ஒரு சிற்றோடை அளவே. ஆடிப் பெருக்கன்றும் ஆடி அமாவாசையன்றும் கூட்டம் நெரியும்; நடைக்கு வேறு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். நேரம் மீதமிருந்தால் மயிலாடுதுறையிலிருந்தே தரங்கம்பாடிக்கும் பேருந்தில் போகலாம். 1620இல் டேனியர் கட்டிய கோட்டையும், கடல் தின்றது போக எஞ்சியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலும் ஒரு குறு நடைக்குள் அடங்கிவிடும். காரைக்காலிலிருந்து பெங்களூரு திரும்பும் ரயிலும் மயிலாடுதுறை வழியே பகலில்தான் ஓடுகிறது. அதைப் பிடிக்க எண்ணுவோர் மாலையிலேயே மயிலாடுதுறைக்கு வந்து தங்கிவிட வேண்டும். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் பேருந்தில் கும்பகோணம், திருச்சி, சேலம் என மாறி மாறித் தருமபுரிக்கு வந்துவிடலாம்.