ராணுவ விமானத்தில் ஓசிப் பயணம்: போகத் தெரிந்தவர்களுக்குத் திரும்பத் தெரிவதில்லை

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு போன். அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு தம்பியின் மனைவி. கலிபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளத்திலிருந்து ஹவாய்க்குப் போகும் சி-17 என்ற ராணுவச் சரக்கு விமானத்தில் குடும்பத்தோடு இடம் கிடைத்துவிட்டதாம். "அண்ணா, நாலு பேருக்கும் ஒரு பைசா செலவில்லண்ணா!" குரலில் அப்படி ஒரு குதூகலம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"திரும்பி வர்றதுக்கு எப்பம்மா பேர் குடுத்தீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது... அங்க போய்க் குடுத்துக்கலாம்னு இவர் சொன்னார்."

இதே வார்த்தைகளைத்தான் பல வருடங்களுக்கு முன்னால் நானும் என் மனைவியிடம் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படையில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த விமானங்களில்தான் போய்வருகிறேன். டெர்மினலில் உட்கார்ந்து பார்த்தால் நான் அன்று செய்த தவறுகளையே புதியவர்கள் வரிசையாகச் செய்கிறார்கள். அடையாள அட்டையை மறப்பது, தூங்கிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாரும் சொல்லித் தரவேண்டாம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இதன் பெயர் 'ஸ்பேஸ்-ஏ', அதாவது இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வது. சரக்கும் பணிப் பயணிகளும் ஏறியபின் மிச்சமிருக்கும் இருக்கைகளை ராணுவத்தினருக்கும் குடும்பத்தினருக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் தருவார்கள். ராணுவ விமானத்தில் கட்டணம் கிடையாது. பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் என்ற வாடகைப் பயணிகள் விமானத்தில் மட்டும் சின்னதாக வரி கட்டவேண்டும். இதற்கு ஆறு கேட்டகரிகள். முதலாவது, குடும்பத்தில் சாவு அல்லது உயிருக்கு ஆபத்து என்று அவசரமாகப் போகிறவர்கள். சாதாரண லீவில் போகும் பணியில் இருப்பவர்கள் மூன்றாவது. என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் கடைசி, ஆறாவது. நான் 50 நாளாகக் காத்திருந்தாலும் நேற்றுப் பெயர் கொடுத்த மூன்றாம் கேட்டகரிப் பையன் எனக்கு முன்னால் ஏறுவான். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அப்படி ஏறியவன்தான்.

திரும்பி வரும் ஊரில் பெயர் கொடுக்காமல் கிளம்புவது

ஒரே கேட்டகரிக்குள் யார் முன்னால் என்பதை முடிவு செய்வது ஒன்றே ஒன்றுதான்: பெயர் பதிவான தேதியும் நேரமும். ரேஷன் கடையில் விடியற்காலையிலேயே பையை வைத்து இடம் பிடிப்பார்களே, அதுதான் கணக்கு. ஆள் எப்போது வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை, பை எப்போது வந்தது என்பதுதான் பேச்சு. இங்கே பைக்குப் பதில் மெயில். அந்த மெயிலை எந்த ஊரில் இருந்துகொண்டும் எந்தத் தளத்து டெர்மினலுக்கும் அனுப்பலாம். பணியில் இருப்பவர்களுக்கு ஒரே நிபந்தனை, லீவு தொடங்கியிருக்க வேண்டும்.

இது எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியில்லை. பதிவு என்றால் கிளம்பும் ஊரில் செய்வது, அங்கே போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்து கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானாகவே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

ஜூலை மாதம். பதினெட்டு நாள் லீவு. டிராவிஸில் மூன்று நாள் காத்திருந்து நாலாம் நாள் ஹவாயின் ஹிக்கம் தளத்துக்கு இடம் கிடைத்தது. காத்திருந்தபோது இன்னொரு குடும்பம் பழக்கமானது. அவரும் கடற்படைதான். மூன்று பிள்ளைகள். எனக்கு லீவு தொடங்கிய அதே நாளில்தான் அவருக்கும் தொடங்கியிருந்தது. ஒரே விமானத்தில் போனோம். சி-17இல் சுவர் ஓரமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவில் சங்கிலி போட்டுக் கட்டிய சரக்கைப் பார்த்தபடியே ஐந்து மணி நேரத்துக்கும் மேல். போய் இறங்கி அவரவர் வழியில் பிரிந்தோம்.

பத்து நாள் கடற்கரை, அலை, அன்னாசி. பதினோராம் நாள் காலையில் குடும்பத்தோடு, பெட்டியோடு, ஹிக்கம் டெர்மினல் கவுன்டரில் போய் நின்றேன். பெயரைப் பதிந்துகொண்டு பட்டியலில் என் இடத்தைக் காட்டினார்கள். என் தலைக்கு மேல் நாற்பது பேருக்குக் குறையாது. அன்று சாயங்காலம் டிராவிஸுக்கு ஒரு சி-17. இருபத்து மூன்று இருக்கை. ரோல் காலில் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாலாவதோ ஐந்தாவதோ அந்த மூன்று பிள்ளைக்காரர் பெயர். ஐந்து பேருக்கும் இடம்!

ஒரே கேட்டகரி. ஒரே நாளில் லீவு. வந்ததும் ஒரே விமானம். எப்படி என்று கேட்டேன். லீவு தொடங்கிய ராத்திரி 12:01க்கு வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து டிராவிஸுக்கும் ஹிக்கமுக்கும் சேர்த்தே மெயில் அனுப்பினாராம். "நீ அனுப்பவில்லையா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டுவிட்டுப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனார். அவருடைய கடைசிப் பிள்ளை எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது.

அப்புறம் நாலு நாள். ஹவாயில் மாட்டிக்கொண்டேன் என்றால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள், தெரியும். ஆனால் நான் பார்த்தது கடலை அல்ல, டெர்மினல் நாற்காலியை. மூன்றாம் நாள் ஒரு விமானத்தில் இரண்டு இருக்கை மிஞ்சியது. "குடும்பம் பிரிந்து போகச் சம்மதமா?" என்று கேட்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அதற்கான பதில் இருந்தது. எங்களைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார்கள். லீவு முடிந்து திரும்பாவிட்டால் அது அனுமதியில்லாத விடுப்பு, தண்டனைக்குரியது. கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்த்து நாலு டிக்கெட் வாங்கினேன். கோடைக் கூட்டம், மறுநாள் பயணம், 2,600 டாலருக்கு மேல். மூன்று மாதம் முன்பே சாதாரண டிக்கெட் எடுத்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. ஓசிப் பயணம்!

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருவதற்குக் காரணம் பணம் அல்ல. ஐந்து நிமிட வேலை அது. ஒரு மெயிலின் 'டு' கட்டத்தில் இன்னொரு முகவரி. அவ்வளவுதான்.

ஆகவே லீவு தொடங்கும் நாளன்று நள்ளிரவு தாண்டியதும் உட்காருங்கள். தாண்டியதும் என்றால் தாண்டிய பிறகு. 11:58க்கு ஆர்வக்கோளாறில் அனுப்பினால் லீவுக்கு முன்பே அனுப்பியது என்று அந்தப் பதிவு செல்லாமல் போகும். கிளம்பும் தளம், அதற்குப் பக்கத்துத் தளங்கள், திரும்பி ஏறக்கூடிய தளங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். பயணிகள் எல்லோர் பெயரும், உங்கள் பதவி, லீவு தொடங்கும் முடியும் தேதிகள், போகவேண்டிய இடங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஐந்து இடங்கள் வரை தரலாம். ஐந்தாவதாக 'ஆல்', அதாவது எந்த ஊரானாலும் சரி, என்று எழுதுவது என் வழக்கம். அனுப்பிய மெயிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். கவுன்டரில் உங்கள் பெயர் இல்லை என்று சொன்னால் அந்தத் தாளில் இருக்கும் நேரம்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு லீவுத் தொல்லை இல்லை, ஆனால் வேறொன்று உண்டு. பதிவு 60 நாள்தான் செல்லும். 58ஆம் நாள் ஊர் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு 61ஆம் நாள் வந்து நின்றால் வரிசையின் வாலில் நிற்கவேண்டும்.

அந்தத் தம்பி மனைவியிடம், "விமானத்துல ஏறுறதுக்குள்ள போன்லயே மெயில் போடுங்க, லீவு ஆரம்பிச்சு நாலு நாளாச்சு, அஞ்சாவது நாள் ஆக விடாதீங்க" என்றேன். போட்டார்கள்.

பெயர் கொடுத்துவிட்டால் வந்துவிட்டதாக நினைப்பது

பதிவு வேறு, வருகை வேறு. டெர்மினலுக்கு நேரில் வந்து 'மார்க் பிரசென்ட்' செய்யவேண்டும். ரோல் காலுக்கு 24 மணி நேரம் முன்பிருந்தே செய்யலாம். செய்யாதவர் பெயரைக் கூப்பிட மாட்டார்கள், பட்டியலில் முதல் ஆளாக இருந்தாலும்.

அடுத்த மூன்று நாள் விமானங்களைச் சொல்லும் 72 மணி நேர அட்டவணையில் போட்டிருப்பது ரோல் கால் நேரம். அந்த நேரத்தில் எல்லோரும், எல்லாப் பெட்டியும், அங்கே இருக்கவேண்டும். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போன கணவருக்காக மனைவி கெஞ்சுவதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்துவிட்டேன். கெஞ்சலுக்கு அங்கே கேட்டகரி இல்லை.

இருக்கை எண்ணிக்கையை நம்புவது

அந்த அட்டவணையில் இருக்கை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். 'எஃப்' என்றால் உறுதி, 'டி' என்றால் தற்காலிகம். '53டி' என்று பார்த்துவிட்டு ஹோட்டலைக் காலி செய்து வருவார்கள். கடைசி நேரத்தில் ஆபத்தான சரக்கு ஏறும், 53 பூஜ்யமாகும். எதிர்ப்பக்கமும் நடக்கும். இன்னும் முடிவாகவில்லை என்று போட்டிருக்கும் விமானத்துக்கு யாரும் வரமாட்டார்கள், வந்த ஏழு பேரும் கால் நீட்டிக்கொண்டு போவார்கள். அந்த ஏழில் நான் இருந்திருக்கிறேன். எண்ணைப் பார்த்து வீட்டுக்குப் போகாதீர்கள், ரோல் கால் முடியும்வரை இருங்கள்.

ஏறிவிட்டாலும் நிச்சயமில்லை. நடுவழித் தளத்தில் பணிப் பயணிகளோ சரக்கோ காத்திருந்தால் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கப்பட்டால் உங்கள் பழைய பதிவு நேரம் போகாது.

ஊர்ப் பெயரைப் பிடித்துத் தொங்குவது

ஹவாயிலிருந்து டிராவிஸ்தான் வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் கண் முன்னால் வாஷிங்டன் மாநிலத்துக்கு ஒரு விமானம் பாதி காலியாகப் போனது. கடலைத் தாண்டுவதுதான் காசு. பெருநிலத்தில் எங்கே இறங்கினாலும் மிச்சத்தை மலிவு டிக்கெட்டில் முடிக்கலாம். ஜெர்மனியின் ராம்ஸ்டைனுக்குப் போகவேண்டுமா? ஸ்பெயினின் ரோட்டாவும் இங்கிலாந்தின் மில்டன்ஹாலும் ஐரோப்பாவில்தான் இருக்கின்றன.

இந்தியாவுக்கு நேரே உண்டா என்று நம்மவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. அதை மறந்துவிடுங்கள். சிங்கப்பூரின் பாய லேபார் தளத்துக்கு எப்போதாவது ஒன்று போகும். கிடைத்தால் அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

இந்திய பாஸ்போர்ட்

இது நம் வீடுகளுக்கே உரிய தவறு. கணவருக்குக் குடியுரிமை வந்திருக்கும், மனைவி கிரீன் கார்டில் இருப்பார், பாஸ்போர்ட் இந்தியாவுடையது. ஏறுவது அமெரிக்க ராணுவ விமானம் என்றாலும் இறங்குவது ஜெர்மனியில். ஷெங்கன் விசா இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். ஜப்பானின் யோக்கோட்டாவுக்கும் கடேனாவுக்கும் இதே கதைதான்.

விசா இருந்தாலும், தளத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்காமல் வெளியே போகாதீர்கள். திரும்பும்போது இடம் கிடைக்காமல் சாதாரண விமான நிலையத்துக்குப் போனால், நாட்டுக்குள் எப்படி வந்தீர்கள் என்று கேட்பார்கள். ராணுவ விமானத்தில் வந்தேன் என்று சொல்லிப் பாருங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப்போகலாமா என்றும் கேட்கிறார்கள். ராணுவக் குடும்ப அடையாள அட்டை இல்லாத பெரியவர்களுக்கு இடமில்லை.

பெட்டி

ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 70 பவுண்டு வரை. அது அனுமதி. சின்ன விமானம் வந்தால் 30 பவுண்டுதான், மிச்சத்தைக் கடலிலா போடுவீர்கள்?

செருப்பு

கால்விரல் தெரிந்தால் ஏற்ற மாட்டார்கள். ஷூ.

குளிர்

கேசி-135 என்ற, வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானத்தில் தலை வேகும், கால் விறைக்கும். கம்பளி.

திரும்பக் காசு இல்லாமல் கிளம்புவது

கிளம்பாதீர்கள்.

கார்

கிளம்பும் தளத்திலேயே திரும்பி வந்து இறங்குவோம் என்ற நம்பிக்கையில் காரை அங்கே நிறுத்திவிட்டுப் போவது. யாராவது கொண்டுவந்து விடட்டும், அல்லது வாடகைக் காரில் வந்து ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இதை அன்று போனில் சொல்ல மறந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹிக்கமிலிருந்து செய்தி வந்தது. "அண்ணா, நாலு பேருக்கும் இடம் கிடைச்சிடுச்சு! நீங்க அன்னைக்கு மெயில் போடச் சொன்னதாலதான். ஆனா டிராவிஸ் இல்ல, மெக்கார்டாம். அது பக்கம்தானே?"

மெக்கார்டு இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கார் டிராவிஸில் நிற்கிறது.