துலுக்க நாச்சியாரைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஸ்ரீரங்கம் போய்வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "துலுக்க நாச்சியாரைப் பார்த்தீங்களா?" பெரும்பாலும் முழிப்பார்கள். தாயாரைச் சேவித்திருப்பார்கள், ராமானுஜரைப் பார்த்திருப்பார்கள், ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணப் பார்த்துப் பாதியில் விட்டிருப்பார்கள். டில்லியிலிருந்து வந்த அந்தச் சுல்தான் மகளை மட்டும் தாண்டிப் போயிருப்பார்கள். நானே அப்படித்தான் முதல் தடவை தாண்டிப் போனேன். லால்குடியிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அதனால் எப்படிப் போய்ப் பார்ப்பது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

போவதற்கு முன்னால் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். கதை தெரியாமல் போனால் அங்கே இருப்பது சுவரில் ஒரு சித்திரம், அவ்வளவுதான். விக்கிரகம் கிடையாது.

கோயிலின் பழைய வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்வது இது. டில்லிப் படை வந்து கோயிலைக் கொள்ளையடித்து, உற்சவர் அழகிய மணவாளனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெருமாளைச் சேவிக்காமல் சாப்பிடுவதில்லை என்று இருந்த கரம்பனூர்ப் பெண் ஒருத்தி, படையின் பின்னாலேயே நடந்து டில்லிவரை போனாள். அதனால் அவளுக்குப் பின்சென்றவல்லி என்று பேர். அரண்மனைக்குள் மாறுவேஷத்தில் நுழைந்து பார்த்தால், சுல்தான் மகளின் அறையில் பெருமாள் இருக்கிறார். அவளுக்கு அது விளையாட்டுப் பொம்மை. அப்புறம் பொம்மை என்ற நினைப்பும் போய், அவரே எல்லாம் என்று ஆகிவிட்டது. பின்சென்றவல்லி திரும்பி வந்து சொல்ல, கோயிலார் அறுபது பேர் கிளம்பினார்கள். சுல்தான் முன்னால் ஜக்கிணி ஆட்டம் ஆடி மகிழ்வித்து, பரிசாகப் பெருமாளையே கேட்டு வாங்கி, சுல்தான் மகள் தூங்கும்போது கிளம்பிவிட்டார்கள்.

விடிந்து எழுந்தவள் பித்துப் பிடித்தவளாகிறாள். ஒழுகில் அப்பனே மனமிரங்கிப் படையோடு அவளை அனுப்புகிறான். என் மாமியார் சொன்ன கதையில் அப்பன் கூடாது என்கிறான், அவள் குதிரையேறிவிடுகிறாள். எனக்கு மாமியார் கதைதான் பிடிக்கும். எந்தக் கதையானாலும் முடிவு ஒன்றுதான். துரத்தி வருகிறார்கள் என்று தெரிந்து பெருமாளைத் திருமலையில் ஒளித்துவைக்கிறார்கள். அது தெரியாமல் அவள் நேரே ஸ்ரீரங்கம் வருகிறாள். கோயில் கதவு சாத்தியிருக்கிறது. அந்த வாசலிலேயே உயிரை விடுகிறாள். ஒரு ஜோதி கிளம்பி உள்ளே போய்க் கலந்ததாம்.

இதையும் 1323 படையெடுப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிச் சொல்கிறவர்கள் நிறைய. அந்தத் தடவை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார், உற்சவர் நம்பெருமாளை ஊரைவிட்டு எடுத்துக்கொண்டு போனார். பல ஊர் சுற்றி, 1371ல் விஜயநகரத்துக் கோபண்ணர் காலத்தில்தான் பெருமாள் திரும்பி வந்தார். அது வேறு கதை. கர்நாடகத்து மேல்கோட்டைக்காரர்கள் இதே பெண்ணை பீபி நாச்சியார் என்பார்கள். அங்கே அவள் அவ்வூர் உற்சவர் செல்வப்பிள்ளையின் காலடியில் இருக்கிறாள், டில்லிக்குப் போனவர் ராமானுஜர் என்பார்கள். ராமானுஜர் 1137ல் பரமபதித்தார், டில்லியில் சுல்தான் ஆட்சி ஆரம்பித்ததே 1206ல். வருஷக் கணக்கு பார்த்தால் உதைக்கும். பார்க்காதீர்கள். மதுரையில் அழகர் வண்டியூர் போவதே துலுக்க நாச்சியார் வீட்டுக்குத்தான் என்று சொல்கிற ஊரில் கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?

பேரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒழுகு அவளைச் சுரதானி என்கிறது. சுல்தானிதான் அப்படித் திரிந்திருக்கிறது. துலுக்கர் என்பது துருக்கர் என்பதிலிருந்து வந்தது. இன்றைக்கு அது தெருவில் வேறு தொனியில் விழுகிற சொல். அதனால் நாச்சியாரைச் சேர்க்காமல் அந்தப் பேரைச் சொல்லாதீர்கள்.

சரி, வழி. திருச்சி ஜங்ஷனிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும், கடைகளில் நிற்காமல் நேராக வாருங்கள். ரெங்கா ரெங்கா கோபுரம் தாண்டினால் ரங்கவிலாச மண்டபம், அப்புறம் கார்த்திகை கோபுரம், பெரிய கருடன். அடுத்தது ஆரியபட்டாள் வாசல், உள்ளே கொடிமரம். நாழிகேட்டான் வாசல் தாண்டிவிட்டால் இரண்டாம் திருச்சுற்றுக்கு, அதாவது ராஜமகேந்திரன் திருச்சுற்றுக்கு வந்துவிட்டீர்கள். அதில்தான் அர்ச்சுன மண்டபம். அந்த மண்டபத்தின் வடகிழக்கு மூலையைத் தேடுங்கள்.

தேடுங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இடத்தில் எல்லோருக்கும் பெரிய பெருமாளைப் பார்க்கிற அவசரம். கூட்டம் முதுகில் கை வைத்துத் தள்ளும். வரிசையை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்பதும் நாளுக்கு நாள் மாறும். முதலில் மூலவரைச் சேவித்துவிடுங்கள். வெளியே வந்ததும் கூட்டத்தோடு போகாமல் ஓரமாக ஒதுங்கி, அங்கே நிற்கிறவரிடம் "துலுக்க நாச்சியார் எந்தப் பக்கம்ணா?" என்று கேளுங்கள். கேட்டால் கை காட்டுவார்கள். கேட்காவிட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணமாகி இரண்டாவது வாரம் மாமியாரோடு போனபோது நான் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"எங்கம்மா ஓடுறே? இவளையும் பாரு. டில்லிக்காரி. நம்ம ஊருக்கு வாக்கப்பட்டவ, உன்னை மாதிரி."

"நான் லால்குடிதானே அத்தை?"

"அதான் சொல்றேன். நீ பஸ்ல வந்தே."

நேரம் முக்கியம். விடியற்காலை விஸ்வரூப சேவைக்குப் போனால் பசு, யானை எல்லாம் பார்க்கலாம், ஆனால் கூட்டம் அதற்கென்றே வந்திருக்கும். வார நாளில், அந்த நெரிசல் கலைந்த பிறகு போவது நல்லது. புரட்டாசிச் சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். மதியம் நடை சாத்துவதற்குள் முடித்துவிடுங்கள். ஒழுகு படித்த பிறகு எனக்கு இது ஒரு மூடநம்பிக்கையாகவே ஆகிவிட்டது: அவளைப் பார்க்கப் போகிற அன்றைக்குச் சாத்திய கதவு முன்னால் போய் நிற்கக்கூடாது.

கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் மார்கழியில் பகல்பத்துக்கு வாருங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின அந்தப் பத்து நாளும் நம்பெருமாள் இதே அர்ச்சுன மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிற அரையர் சேவை நடக்கும். பத்தாம் நாள் அவருக்கு நாச்சியார் திருக்கோலம், மோகினி அலங்காரம். ஒரு காலத்தில் ஒரு பொம்மைக்காக இவள் டில்லியிலிருந்து ஓடிவந்தாள், இப்போது அவரே இவள் இருக்கிற மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள், இவை சித்திரத்தில் இல்லை. ஒன்று, காலையில் அரங்கனுக்கு அமுது செய்விப்பதில் ரொட்டியும் வெண்ணெயும் உண்டு. அக்காரவடிசிலும் புளியோதரையும் பண்ணுகிற மடைப்பள்ளியில் கோதுமை ரொட்டி. இன்னொன்று, திருமஞ்சனத்தின்போது அவர் உடுத்துவது கைலி. வெந்நீர் வேறு. எல்லாம் அவள் ஊர்ப் பழக்கம் என்பார்கள். மருமகளுக்காகச் சமையலை மாற்றிய வீடு ஊரில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

கோயிலுக்குள் ஒரு கட்டத்துக்கு மேல் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் உங்கள் நண்பர்களில் மற்ற மதத்தவர் கூட வந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வாசல் வரை வந்து திரும்புவது சங்கடம். என்னோடு ஆபீசில் வேலை பார்த்த தோழி ஒருத்தி, முஸ்லிம், ஒரு தடவை வந்தாள். விஷயம் தெரிந்தேதான் வந்தாள். ரங்கவிலாச மண்டபத்தில் உட்கார்ந்து என் பையையும் குடையையும் பார்த்துக்கொண்டாள். நான் திரும்பி வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க ஊர்ப் பொண்ணு எப்படிடி இருக்கா? என்ன கலர் கட்டியிருக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தனை வருஷம் கும்பிட்டிருக்கிறேன், கலரைப் பார்த்ததில்லை. "இரு, வரேன்" என்று பையை அவள் மடியிலேயே விட்டுவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதனால் சொல்கிறேன், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை நின்று, முகம், கை, துணி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். போட்டோ எடுக்க முடியாது. வெளியே காத்திருக்கிறவர்களுக்கு நீங்கள் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.